ஹால் லைனை ஆஃப் பண்ணினால் போதும்

அந்த ஃபேன் சத்தம் போடுகிறதே என்று மேலே மேலே பார்க்காதீர்கள் சார். விழாது. பேரிங் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷன் ஃபேன்கள் எல்லாம் இப்படித்தான், முனகிக்கொண்டே வேலை பார்த்து முனகிக்கொண்டே ரிட்டயர் ஆகும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. டிரைவர் வீட்டில் இறந்துபோன மாப்பிள்ளை கடைசியாக ஃபோனில் பேசியது என்னோடுதான், என்ன பேசினார் என்று கேட்டீர்கள். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் என்ற முறையில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். "ஏதோ லைன் பத்திக் கேட்டாரு சார்" என்று சொல்லியிருந்தால் நீங்களும் எழுதிக்கொண்டு அனுப்பியிருப்பீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் எழுந்து உள்ளே வருவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பொய்யைச் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை கேட்கும்போது அதே மாதிரி சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் எனக்கு இப்போது தெம்பு இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு என்ன கல் போடுவது என்று மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். கம்பியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். சுவரைக் கொத்தி, பைப்பைப் பதித்து, கம்பியை இழுத்து, மேலே பூசிவிட்டால் அது இருப்பதே மறந்துபோகும். பூச்சுக்குள்ளே எது எங்கே போகிறது என்று அதை இழுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வீட்டில் அது நான்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தெருவில் எல்லோரும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவிகூட "டிரைவரே, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. ஒரே பெண். நான் ஒயரிங் செய்தபோது அவள் கல்லூரியில் சேரப்போகிற வயது.

சின்ன வீடுதான். கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மேலே ஒரு அறை, துணி காயப்போட மொட்டைமாடி. மூன்று லைனாகப் பிரித்தேன்: ஹால் பக்கம் ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மெயின் போர்டில் தனித்தனி சுவிட்ச். ஹாலில் ரிப்பேர் என்றால் ஹால் லைனை மட்டும் ஆஃப் செய்துவிட்டு வேலை பார்க்கலாம், மற்ற இடங்களில் விளக்கு எரியும். எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

மாடிப்படி விளக்கில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே ஏறுகிறது, ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. ஏறும்போது ஹால் வெளிச்சம் போதும், துணியைச் சுமந்துகொண்டு இறங்கும்போதுதான் கால் தடுமாறும், அதனால் சுவிட்சை மாடியில் வை என்றார் அண்ணி. வைத்தேன். விளக்கு கீழ்ப்படிக்கு மேலே. மாடி சுவிட்சிலிருந்து அந்த விளக்குக்கு நேராகக் கம்பி இழுக்க வழியில்லை, நடுவில் கான்கிரீட் உத்தரம் வந்துவிட்டது. அதனால் அந்தக் கம்பியை ஹால் கூரையில் இருக்கிற ஜங்ஷன் பாக்ஸ் வழியாக, அங்கே ஒரு ஜாயின்ட் போட்டுக் கொண்டுபோனேன். ஹால் விளக்கு, ஃபேன் கம்பிகளெல்லாம் கூடுகிற பெட்டி அது. அந்தக் கூட்டத்தில் இந்த ஒரு கம்பிக்கு மட்டும் கரண்ட் மாடியிலிருந்து வரும். அதுவும் மாடியில் சுவிட்ச் போட்டால்தான் வரும், போடாதபோது செத்த கம்பி. வேலை அவசரத்தில் சிவப்பு தீர்ந்துபோய் அதற்கு மஞ்சள் கம்பி போட்டேன். ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. சோம்பல்தான்.

அவர்கள் குடிவந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் ஹால் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் இருந்தது. அது உண்மையிலேயே என் கவனக்குறைவு, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏணியில் ஏறிச் சரிசெய்து இறங்கினேன். அந்தப் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. புத்தகத்தோடு ஹாலில் நின்றிருந்தவள் விளக்கு எரிந்ததும், "தேங்க்ஸ் சித்தப்பா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள்.

அப்பாவை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் வாயில் தானாக வந்த வார்த்தை. பெரிதாக யோசித்துச் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் நான் பையைக் கட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். அண்ணி தட்டு வைத்துவிட்டார். "உக்காருங்க தம்பி, வந்த கையோட ஓடுறீங்க" என்றார். டிரைவர் அண்ணன் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் பஸ்ஸை இறக்கிய கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த மலை கொஞ்சம் உயரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

என் வீட்டைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி, பேரன் பிறந்தபோது மகளுக்கு ஒத்தாசையாக இருக்கப் போனாள். அந்தப் பேரன் இப்போது தனியாக சைக்கிள் ஓட்டுகிறான். அவள் இன்னும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் இல்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால், "வந்து என்ன பண்ணப்போறேன்" என்பாள். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் அந்தத் தெரு வழியாகப் போகும்போது கேட்டருகே நின்று, "எல்லாம் நல்லா எரியுதா அண்ணி?" என்றேன்.

"நல்லா எரியுது தம்பி. ஒரு குறையும் இல்ல" என்றார் அண்ணி, வாசலில் துணியை உதறிக்கொண்டே. கேட் திறக்கவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. எல்லாம் நன்றாக எரிகிற வீட்டுக்குள் எலெக்ட்ரீஷியனுக்கு என்ன வேலை?

அடுத்த முறை படுக்கையறையில் புதிதாக ஒரு பிளக் வைக்கக் கூப்பிட்டார்கள். வைத்து முடித்து, பெட்டியை மூடும்போது, நன்றாக முறுக்கியிருந்த ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி விட்டேன். கொஞ்சம்தான். கம்பி கழன்று விழாது, ஆனால் உறுதியாகவும் பிடிக்காது. விளக்கு சில வாரம் ஒழுங்காக எரியும், பிறகு ஒரு நாள் கண் சிமிட்டும். சீக்கிரம் தேய்கிற செருப்பை விற்கிறவனை நீங்கள் கைது செய்கிறீர்களா? அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

விளக்கு சிமிட்டியது, கூப்பிட்டார்கள், போனேன். அதைச் சரிசெய்துவிட்டு வேறொரு பெட்டியில் வேறொரு ஸ்க்ரூ. இப்படியே வருஷங்கள் போயின. பேராசைப்படவில்லை. அடிக்கடி பழுதானால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், ரொம்ப நாள் பழுதாகாமல் இருந்தால் என்னை மறந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருந்தது, அது எனக்குக் கைவந்துவிட்டது. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் வந்தது. அண்ணிக்கு மூட்டுவலி என்றால் எந்த டாக்டர் என்று என்னிடம் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் டிரைவர் அண்ணன், "இது என் தம்பி. கூடப் பிறக்கல, இந்த வீட்டு லைன் பிடிச்சு இழுத்துட்டு வந்து சேத்த தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். "இந்த வீட்டு கரண்ட் என் பழைய பஸ் மாதிரிதான், இவன் வந்து தட்டினாத்தான் கிளம்பும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இடையில் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ சொல்லி, ஷாக் அடித்தால் உடனே விழுந்து கரண்டை நிறுத்துகிற ட்ரிப்பர் ஒன்று மாட்டலாமா என்று அண்ணி கேட்டார். இப்போது எல்லா வீட்டிலும் அதை வைக்கிறார்கள். கரண்ட் போன வழியே திரும்பாமல் கொஞ்சம் வேறு பக்கம் கசிந்தாலும், உதாரணத்துக்கு ஒரு மனிதனின் உடம்பு வழியாகப் போனாலும், அது கண்டுபிடித்துவிடும். நல்ல சாமான். ஆனால் நான் அங்கங்கே விட்டுவைத்திருந்த குறைகளில் ஒன்றிரண்டை அது மாட்டிய அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். "அது சும்மா சும்மா விழுந்து உயிர வாங்கும் அண்ணி. நான் இருக்கறப்போ உங்களுக்கு எதுக்கு" என்றேன். சரி என்று விட்டுவிட்டார். நான் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

கல்யாணம் ஆனது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டதால் மாப்பிள்ளை இங்கேயே வந்து தங்கினார். அச்சகத்தில் மெஷின் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். எதையும் திறந்து பார்க்காமல் இருக்கவும் மாட்டார். கல்யாணமான புதிதிலேயே தையல் மெஷின், கடிகாரம், டிரைவர் அண்ணனின் ரேடியோ எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து மாட்டிவிட்டார். ரேடியோவில் இருந்த கரகரப்பு போய்விட்டது. "இப்ப யாரோ வேற ஆள் பாடுற மாதிரி இருக்கு" என்று அண்ணன் குறைபட்டுக்கொண்டார்.

என்னை மாமா என்று கூப்பிடுவார். நான் ஏணியில் நிற்கும்போது கீழே நின்று டார்ச் பிடிப்பார்.

"மாமா, போன தடவையும் இந்த மாதிரி ஒரு ஸ்க்ரூதானே லூஸ் ஆச்சு?"

"சூட்டுல விரியும் மாப்ள. அப்புறம் ஆறும். அதுல தானா இளகிடும்."

"அப்படிப் பாத்தா எங்க மெஷின் எல்லாம் தெனமும் கழண்டு கொட்டணுமே மாமா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து என் கடைக்கு வந்தார். கடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற ஒரு சின்ன அறை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"மாமா, நேத்து லீவு. வீட்ல எல்லா பெட்டியையும் தெறந்து பாத்தேன்."

"உங்களுக்கு எதுக்கு மாப்ள வீண் வேலை?"

"ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரே ஒரு ஸ்க்ரூ லூஸா இருக்கு. மத்ததெல்லாம் அவ்ளோ நல்லா முறுக்கியிருக்கு, என்னாலயே கழட்ட முடியல. படுக்கையறைல ஒரு கம்பி கருகி, மேல இருக்கற தோல் உருகியிருக்கு. அதுக்குக் கீழதான் அவ தலை வச்சுப் படுக்கறா."

நான் மேஜையில் கிடந்த கம்பித் துண்டுகளை ஒன்றுசேர்த்தேன்.

"ஏன்னு கேக்கல மாமா. எனக்குப் புரியற மாதிரிதான் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், அறையில் வேறு யாரும் இல்லை, இருந்தாலும். "வீட்ல யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு உங்கள அவ்ளோ பிடிக்கும், தாங்க மாட்டா. இனிமே லைன் வேலையை நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா வாங்க. சாப்பிட வாங்க, அத்தைகிட்ட பேசிட்டு இருங்க, மாமாவோட பஸ் கதை கேளுங்க. ஸ்க்ரூடிரைவர் மட்டும் எடுத்துட்டு வராதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே ஒரு தடவை போனேன் சார், கையை வீசிக்கொண்டு. அண்ணி என்னுடைய டம்ளரில் டீ கொடுத்தார். டிரைவர் அண்ணன் மலையிலிருந்து பஸ்ஸை இறக்கினார். பெண், "என்ன சித்தப்பா, பையைக் காணோம்" என்று கேட்டாள், மாப்பிள்ளைதான் சட்டென்று, "இன்னைக்கு மாமாவுக்கு லீவு" என்று பதில் சொன்னார். எல்லா விளக்கும் அசையாமல் எரிந்தது. ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், மேஜையில் வைத்தேன். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க எதுவும் இல்லை. அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் அந்த அன்பை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரக்கப்பட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அவர்களில் அதைத் தெரிந்து செய்தவர் ஒருவர்தான். வாசல்வரை வந்து, "அடிக்கடி வாங்க மாமா" என்றார்.

நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே இல்லை. அதற்கப்புறம் நான் போகவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அது ஒரு விடுமுறை நாள், மதியம். நான் ஒரு பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"மாமா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. படுக்கையறை கம்பிய மாத்திட்டேன். இப்ப ஹால் கூரைப் பெட்டியத் தெறக்கப் போறேன். ஷாக் ட்ரிப்பரும் வாங்கிட்டு வந்துட்டேன், இத முடிச்சுட்டு சாயங்காலம் மாட்டிடலாம்னு. நீங்க போட்ட லைன், உங்கள ஒரு வார்த்த கேக்காம கை வைக்கறது மரியாதை இல்லன்னு தோணுச்சு."

"அதனால என்ன மாப்ள."

"ஹால் லைன ஆஃப் பண்ணினா போதும்ல? வேற எங்கேருந்தும் அந்தப் பெட்டிக்குக் கம்பி வரலையே?"

மஞ்சள் கம்பி கண்ணுக்கு முன்னால் வந்தது. இத்தனை வருஷம் கழித்து மறந்துபோச்சு என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். எத்தனையோ வீடு, எத்தனையோ கம்பி. மறக்கவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே ஞாபகம் வந்துவிட்டது. பெட்டி எங்கே, அது எந்தப் பக்கம் வளைந்து போகிறது, எல்லாமே தெரிந்தது. அவர் நின்று வேலை பார்க்கப்போவது அந்த வீட்டு இரும்பு ஏணி என்பதும் தெரியும், வாங்கிவந்து கொடுத்தவனே நான்தான். மதியத்தில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு யாராவது மாடியிலிருந்து இறங்குவார்கள் என்பதும் தெரியும்.

இதையெல்லாம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். அன்றைக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"போதும் மாப்ள" என்றேன். "வேற எதுவும் வராது."

"சரிங்க மாமா. சாயங்காலம் வாங்களேன், ட்ரிப்பர் மாட்டறதப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் கவனக்குறைவானவர் இல்லை. நீங்கள் அப்படி எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். மேலே ஏறியதும் ஒவ்வொரு கம்பியிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். எதிலும் வெளிச்சம் வரவில்லை என்று கீழே இருந்த டிரைவர் அண்ணனிடம் சொல்லியும் இருக்கிறார். அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். மஞ்சள் கம்பியும் செத்துத்தான் கிடந்தது. அப்புறம் அவர் எல்லாக் கம்பிகளையும் கையில் சேர்த்துப் பிடித்து நுனியைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறார். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண், இரண்டு கையிலும் துணியோடு, முழங்கையால் படி விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள்.

என் ஃபோன் மறுபடியும் அடித்தது. அவள் டாக்டரைக் கூப்பிடவில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, சீக்கிரம் வாங்க. அவரு கீழ விழுந்துட்டாரு. பேச மாட்டேங்கறாரு. சீக்கிரம் வாங்க சித்தப்பா."

காயிலைப் பாதியில் விட்டால் சுற்று எண்ணிக்கை தப்பிவிடும். அந்தச் சுற்றை முடித்து, நுனியைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். பையை எடுத்துக்கொண்டேன்.

நான் போனதும் முதலில் மெயினை நிறுத்தினேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் வழி விட்டார்கள். யாரையும் மாப்பிள்ளையைத் தொடவிடாமல் எலெக்ட்ரீஷியனே வந்து பார்த்தார், விஷயம் தெரிந்த ஆள் ஒருத்தர் இருந்ததால் மேற்கொண்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வண்டியை வரவழைத்ததும் நான்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். உறவுமுறை என்ற இடத்தில் சித்தப்பா என்று எழுதினார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை சார். அண்ணி விளக்கு போடுவதற்குக்கூட பயப்படுகிறார். டிரைவர் அண்ணன் ரேடியோவைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டார், பஸ் கதை சொல்வதில்லை. அதனால் தினமும் இருட்டுவதற்குள் நான் போய் விளக்கு போடுகிறேன். காலையில் போய் அணைக்கிறேன். எனக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள். முடியத்தான் இல்லை, இந்த முழங்காலோடு இரண்டு வேளையும் அவ்வளவு தூரம் நடப்பது. ஆனால் நான் போகாவிட்டால் அவர்கள் இருட்டில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை வாங்கிவந்த ட்ரிப்பர் பிரிக்காத அட்டைப்பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. மாட்டிவிடுங்களேன் என்று அண்ணி இரண்டு தடவை கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பாள். நான் விளக்கு போட்டுவிட்டு வந்ததும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"சித்தப்பா, நான் சுவிட்ச் போட்டதாலயா?"

"அப்படியெல்லாம் நெனைக்காதம்மா."

"ஹால் லைனத்தானே அவரு ஆஃப் பண்ணியிருந்தாரு. நான் போட்டது மாடி சுவிட்சு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்களேன்."

"மனச அலட்டிக்காத. சாப்டியா?"

அவள் கொஞ்சம் அடங்குவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவாள். மறுநாள் நான் போகும்போது திரும்பவும் அதே படியில் உட்கார்ந்திருப்பாள்.

'உன் மேல் தவறில்லை, நான் பொய் சொன்னேன்' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அவளுக்கு அந்தக் கேள்வி அதோடு தீர்ந்துவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. 'நினைக்காதே' என்று சொல்வது 'இல்லை' என்று சொல்வதாகாது என்பதும் தெரியும். அந்த ஆறுதலையும் நான் முழுசாக முறுக்கிக்கொடுக்கவில்லை. ராத்திரி தாங்குகிற அளவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன், அடுத்த நாளுக்குள் அது இளகிவிடுகிறது. வேண்டுமென்று செய்கிறேனா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். பழகிவிட்டது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்து எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் இன்னொரு தடவை சொல்லமாட்டேன், களைப்பாக இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு வேறு கம்பி வருகிறது என்று தெரிந்தேதான் வராது என்று சொன்னேன். அவர் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். கோபம் எதுவும் இல்லை. அவர் மாதிரி என்னிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஆள் வேறு யாரும் இல்லை. அவர் இருக்கிறவரை அந்த வீட்டில் எதுவும் பழுதாகாது, அவ்வளவுதான் காரணம்.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். இதைப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வேண்டுமா? சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள், சரி. தெரிந்தால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் குடும்பம் இருக்கிறவர்தானே, அவளுடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புருஷனும் போய்விட்டான். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால், பாவம், அவள் யாரைக் கூப்பிடுவாள்?